எண்ணெய்க் கிண்ணம்

பதுளை நகரில் நின்று தென்கிழக்கே நோக்கினால் நமுனுகுல மலை தோன்றும். ஒன்பது சிகரம் என்பது அப்பெயரின் பொருள். அம்மலைச் சரிவிலுள்ள தோட்டமொன்றில் பிறந்தவன் நான். அங்கே நாள்தோறும் ஏறி இறங்கிய என் தாயின் கழுத்தை நினைத்தே இதனை எழுதுகின்றேன்.

கொழுந்துக் கூடையின் பாரத்தை முதுகு தாங்குவதாகப் பார்ப்பவர் எண்ணுவர். கயிறோ தலையில் மாட்டப்படுகிறது. கூடை பின்னே தொங்குகிறது. பாரம் ஏற ஏறத் தலை பின்னுக்கு இழுபட, அதனை ஈடுசெய்யக் கழுத்து முன்னே வளைகிறது. மழை நாளில் நனைந்த கொழுந்தின் கனத்தைச் சொல்லி முடியாது. கைகள் எந்நேரமும் செடியின்மேல். தோள் விரிவதற்கு ஒரு கணமும் இல்லை.

பெண்களுக்கு எண்ணெய் முழுக்கு வெள்ளியன்று என்பது மரபு. பிரட்டுக்களம் மரபை அறியாது. ஆகவே எங்கள் லயத்தில் ஞாயிறே வெள்ளி. நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் இட்டுக் காய்ச்சி, வெதுவெதுப்பாகக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, அம்மாயி என் தாயை இஸ்தோப்பில் அமர்த்துவாள். உச்சியில் தட்டி, பிடரியைப் பிடித்து, தோளை அழுத்தி, விரல்களை ஒவ்வொன்றாய் இழுத்து விடுவாள். "கையத் தளர விடு புள்ள, இன்னும் கூடையா தூக்கிக்கிட்டு இருக்க?" என்று கடிந்துகொள்வாள்.

சித்த மருத்துவம் இதனைத் தொக்கணம் என்று பெயரிட்டு, தட்டல், பிடித்தல், அழுத்தல், இழுத்தல் முதலாக ஒன்பது வகை கூறுகிறது. அம்மாயி எழுத்தறியாதவள்.

2014ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை ஜூன் 21ஐ யோகா தினமாக அறிவித்தது. அடுத்த ஆண்டு, பாடசாலையில் மாணவருக்குக் கற்பித்த உற்சாகத்தோடு, வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த தாயிடமும் பேசினேன். திருமூலர் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை விரித்ததையும் எடுத்துரைத்தேன். "மலையேறி இறங்கினவளுக்குத் தேகப்பயிற்சியா ராசா?" என்று சிரித்தாள். நான் வெட்கினேன். எனினும் உழைப்பு வேறு, பயிற்சி வேறு. ஒரே அசைவை நாற்பதாண்டு செய்த உடலுக்கு அதன் எதிர் அசைவே வேண்டும். அவளது வலக்கை காதுக்கு மேலே எழவில்லை.

பத்தடிக்குப் பன்னிரண்டடி லய அறையில் கட்டிலும் அடுப்பும் போகப் பாய் விரிக்க இடமேது? சுவரில் முதுகைச் சாய்த்து உட்காரச் செய்தேன். மூச்சை மெல்ல இழுக்கும்போது தோளைப் பின்னே விரித்தல், விடும்போது தளர்த்தல். மோவாயைச் சற்றே உள்ளிழுத்து நிமிர்தல். பின்னர் விரல்களைச் சுவர்மேல் நடத்திக் கையை உயர்த்தல், வலிக்குமுன் நிறுத்தல். இவ்வளவே. (விரல் மரத்துப் போகுமாயின் எண்ணெயை நம்பி இராது வைத்தியரிடம் காட்டல் வேண்டும்.) ஞாயிறுதோறும் அம்மாயியின் கிண்ணத்தை நான் ஏந்தினேன்.

மார்கழி மாதத்தில் ஒருநாள், சாமிப் படத்துக்கு அவளே கையுயர்த்திப் பூ வைத்ததைக் கண்டேன். அவள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மறு ஞாயிறு கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நீயும் உக்காரு. பலகையில எழுதி எழுதி ஒன் தோளும் போச்சு" என்றாள்.