பூஜ்யத்தை விட்டுவிட்டு 4281

ஏற்காட்டுக்கு எஸ்டிடி கோடு 04281. சேலத்திலிருந்து கூப்பிட்டாலும் சென்னையிலிருந்து கூப்பிட்டாலும் முதலில் அந்தப் பூஜ்யத்தை அழுத்தியாக வேண்டும். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ கூப்பிடுகிறவர் மட்டும் அதை விட்டுவிட வேண்டும். +91, அடுத்து 4281, அடுத்து வீட்டின் ஆறு இலக்க எண். பழக்கதோஷத்தில் பூஜ்யத்தையும் சேர்த்து அழுத்திவிட்டு, புரியாத பாஷையில் ஒரு குரல் ஏதோ சொல்லக் கேட்டு, ஊரில் மழைக்கு லைன் அறுந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு படுக்கப் போனவர்கள் உண்டு.

வெளிநாடு கிளம்புகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது, எந்த சிம் மலிவு, எந்த ஆப் நல்லது என்பதைத்தான். கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு. வீட்டில் இருப்பது எந்த போன்? அது இருக்கும் இடத்தில் சிக்னல் எப்படி? பேச்சுக்கு எவ்வளவு செலவாகும் என்பதைப் பாதிக்கு மேல் தீர்மானிப்பது அந்த முனைதான்.

சேர்வராயன் மலையில் இது நன்றாகவே புரியும். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஏற்காடு. ஏரிக்கரையிலும் கடைவீதியிலும் போன் பேசுவதில் பெரிய தொந்தரவு இல்லை. நாகலூர், செம்மநத்தம், வாழவந்தி என்று உள்ளே போகப்போகத்தான் மலை தன் வேலையைக் காட்டும். போன் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறவை. டவருக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு மேடு வந்துவிட்டால் போதும், பக்கத்துச் சரிவில் இருப்பவர் வீடியோ பார்த்துக்கொண்டிருக்க, இந்தச் சரிவில் இருப்பவர் காபித் தோட்டத்து வரப்பில் ஏறி நின்று கையை உயர்த்த வேண்டியதுதான்.

அப்படி ஒரு மலைக்கிராமத்தில் ஓர் அம்மா இருக்கிறார், மகன் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். மகனிடம் எத்தனை ஜிபி டேட்டா இருந்து என்ன? வாட்ஸ்அப்பில் அம்மா இல்லை. அவருக்கு மணி அடிக்க வேண்டுமானால் பழைய மாதிரி எண்ணை அழுத்தித்தான் கூப்பிட வேண்டும். அதற்குக் காசு உண்டு.

ஒரு காலத்தில் அந்தக் காசு மலைக்க வைத்தது. எஸ்டிடி, ஐஎஸ்டி, பிசிஓ என்று மஞ்சள் போர்டு மாட்டிய கடைகளை நாற்பது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஓர் ஆள் நிற்கும் அளவுக்குக் கண்ணாடிக் கூண்டு, தலைக்கு மேல் சின்ன ஃபேன், சுவரில் சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர். பேசுகிறவரின் கண் மீட்டரிலேயே இருக்கும், 'அப்புறம்?' என்று மறுமுனை இழுத்தால் வயிறு கலங்கும். 1990களின் பிற்பகுதியில் இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் பேச நிமிடத்துக்கு 60 ரூபாய்க்கு மேல். வெளிநாட்டு அழைப்பு முழுவதும் விஎஸ்என்எல் என்ற ஒரே அரசு நிறுவனத்தின் கையில் இருந்தது. வளைகுடாவுக்குப் போனவர்கள் கேசட்டில் பேசிப் பதிவுசெய்து, லீவில் ஊருக்குப் போகிறவரிடம் கொடுத்தனுப்பியதும் அதே காலம்தான். வீட்டார் அதைக் கேட்டுவிட்டு, மறுபக்கத்தில் தங்கள் பதிலைப் பேசி அனுப்புவார்கள். நடுவில் சேவல் கூவும், குழந்தை அழும், எல்லாம் சேர்ந்தே போகும்.

2002 ஏப்ரல் 1 அன்று விஎஸ்என்எல்லின் ஏகபோகம் முடிந்தது. இணையம் வழியாகப் பேசவும் அன்றுதான் அரசு அனுமதித்தது. அதற்குப் பிறகு கட்டணம் இறங்கிய வேகம் மலையிலிருந்து உருட்டிவிட்ட பலாப்பழத்தின் வேகம்.

ஆனால் வெளிநாட்டிலிருந்து வீட்டைக் கூப்பிடும் கதையில் பெரிய திருப்பம் அரசாங்கத்தால் வரவில்லை. புலம்பெயர்ந்த தமிழர்களால் வந்தது. லண்டன் ஈஸ்ட் ஹாமிலும், பாரிஸ் லா ஷபேலிலும், டொரன்டோவின் ஸ்கார்பரோவிலும் தமிழ்க் கடைகளின் கல்லாவுக்குப் பக்கத்தில் போன் கார்டுகள் தொங்கின. பின்பக்கத்தைச் சுரண்டினால் ரகசிய எண். அதை அழுத்திவிட்டு ஊர் எண்ணை அழுத்தினால் யாழ்ப்பாணமோ திருச்சியோ பேசும். 2001-ல் இலங்கைத் தமிழர் மூவர் சேர்ந்து இப்படிக் கார்டு வியாபாரத்தில் தொடங்கிய நிறுவனம்தான் லெபாரா. லியோன், பாஸ்கரன், ரதீசன் என்ற மூன்று பெயர்களின் முதல் எழுத்துகளைக் கோத்த பெயர் அது. அதே கார்டு வியாபாரத்தில் வளர்ந்த இன்னொருவர் முல்லைத்தீவில் பிறந்த சுபாஸ்கரன் அல்லிராஜா. அவர் 2006-ல் தொடங்கியது லைக்காமொபைல். 'கத்தி'யிலிருந்து 'பொன்னியின் செல்வன்' வரை படங்களைத் தயாரித்த அந்த லைக்காதான். அந்தப் பணத்தின் ஆதியில் அம்மாவிடம் பேசுவதற்காக யாரோ சுரண்டிய கார்டுகள் இருக்கின்றன.

கார்டுகளில் ஏமாற்றும் இருந்தது. போஸ்டரில் 'இந்தியாவுக்கு இத்தனை நிமிடம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். இணைப்புக் கட்டணம், நிமிடக் கணக்கை மேல்நோக்கி முழுமையாக்குவது, சில நாளில் காலாவதி என்பதெல்லாம் பொடி எழுத்தில். ஒரே மூச்சில் பேசி முடித்தால்தான் லாபம். பாதியில் வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டால் மிச்ச நிமிடங்கள் எங்கே போயின என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்றைக்கு நிலைமை வேறு. இரண்டு பக்கமும் ஸ்மார்ட்போனும் இணையமும் இருந்தால் விஷயம் முடிந்தது. 2015-ல் குரல் அழைப்பையும் 2016 நவம்பரில் வீடியோவையும் வாட்ஸ்அப் கொண்டுவந்த பிறகு, தங்கும் விடுதியின் வைஃபையே போதும். வைஃபை இல்லாத இடத்திலும் குரல் மட்டும் என்றால் நிமிடத்துக்குச் சுமார் அரை எம்பிதான் செலவு. வீடியோ அதைப்போலப் பல மடங்கு தின்னும். மலைவீட்டில் சிக்னல் ஒரு கோடுதான் வருகிறது என்றால் முகம் பார்க்கும் ஆசையை விட்டுவிட்டுக் குரலில் பேசுவது புத்திசாலித்தனம். முகம் கட்டம் கட்டமாக உறைந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் யாருக்கு என்ன சந்தோஷம்?

பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. வெளிநாட்டில் உள்ளூர் சிம்மோ இ-சிம்மோ போட்டுக்கொண்டாலும் வாட்ஸ்அப்பில் பழைய இந்திய எண்ணே தொடரலாம். 'எண்ணை மாற்றவா?' என்று அது கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் யாரும் புது எண்ணைக் குறித்துக்கொள்ளத் தேவையில்லை. இந்திய சிம்மை இரண்டாவது துளையில் வைத்திருந்தால் பேங்க் ஓடிபியும் வந்துவிடும். கிளம்பும் முன் ரோமிங் வசதியை ஆன் செய்து வாங்கிக்கொள்ள வேண்டும், டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிட வேண்டும். பேக் எதுவும் போடாமல் ரோமிங்கில் இருப்பவர், ஊரிலிருந்து வரும் அழைப்பை எடுத்தாலும் காசு போகும். சுற்றுலா போன இடத்தில் லோன் வேண்டுமா என்று கேட்கிறவரிடம் இரண்டு நிமிடம் பேசியதற்குத் தண்டம் கட்டுவதைப் போன்ற எரிச்சல் வேறில்லை.

வளைகுடா தனிக் கதை. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாம், குரலைப் பதிந்து அனுப்பலாம், பேச முடியாது. அங்கே அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலிகளில்தான் பேசியாக வேண்டும், அதே செயலி வீட்டுப் போனிலும் இருக்க வேண்டும். அங்கே போகிறவர்கள் விமானம் ஏறும் முன் வீட்டு ஸ்மார்ட்போனில் அதைப் போட்டு, ஒரு தடவை பேசிக் காட்டிவிட்டுப் போனால் பிழைத்தார்கள். விபிஎன் போட்டுத் தடையைத் தாண்டலாம் என்று அறைத்தோழர்கள் யோசனை சொல்வார்கள். அமீரகத்தின் சைபர் சட்டத்தில் அதற்குக் கனமான அபராதம் காத்திருக்கிறது. அதனால் பலர் குரல் பதிவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கேசட் திரும்பி வந்துவிட்டது, ஆள் தேடிக் கொடுத்தனுப்ப வேண்டியதில்லை என்பதுதான் வித்தியாசம். விட்டுவிட்டு வரும் சிக்னலுக்கும் அதுவே தோதானது. டவர் கண்ணில் படும் நேரத்தில் இறங்கிவிடும், ராத்திரி நிதானமாகக் கேட்கலாம்.

பட்டன் போன் அம்மாவிடம் திரும்புவோம். அவருக்குப் போகும் அழைப்பு ஏன் இலவசமாக முடியாது? வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு நிமிடத்துக்கும், அதைக் கொண்டுவந்து சேர்க்கும் இந்திய போன் நிறுவனத்துக்கு அந்தப் பக்கத்து நிறுவனம் ஒரு கட்டணம் தர வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதை 2018 பிப்ரவரியில் 53 பைசாவிலிருந்து 30 பைசாவாகக் குறைத்தது. 2020 மே முதல் 35 பைசாவுக்கும் 65 பைசாவுக்கும் இடையில் நிறுவனங்களே பேசி வைத்துக்கொள்ளலாம் என்றது. எவ்வளவு மலிவான சேவையானாலும் இந்தக் காசுக்குக் கீழே இறங்கினால் நஷ்டம்தான்.

இதை ஏய்க்க ஒரு திருட்டு வழியும் இருக்கிறது. ஒரு வாடகை அறையில் பெட்டி நிறைய சிம் கார்டுகளை அடுக்கி, வெளிநாட்டு அழைப்பை இணையத்தில் இறக்கி, உள்ளூர் அழைப்பாக மாற்றி அனுப்புவார்கள். மகன் கூப்பிடும்போது யாரோ ஒரு உள்ளூர் ஆளின் எண் திரையில் தெரிந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். மோசடிக்காரர்களும் இந்திய எண் மாதிரி வேஷம் போட்டு வெளியிலிருந்து கூப்பிட ஆரம்பித்ததால், அத்தகைய போலி அழைப்புகளைத் தடுக்கும் ஏற்பாட்டை 2024 அக்டோபரில் தொலைத்தொடர்புத் துறை கொண்டுவந்தது.

நேர்வழியிலேயே மலிவு கிடைக்கிறது. பிரிட்டனில் லெபாரா போன்றவற்றின் மாதாந்திர பிளான்களில் இந்தியாவுக்குப் பேசும் நிமிடங்களும் சேர்ந்தே வருகின்றன. சிங்கப்பூரில் வெகுகாலமாக ஒரு சூட்சுமம் உண்டு. சிங்டெல்லில் 001 போட்டுக் கூப்பிட்டால் ஒரு விலை, 019 போட்டுக் கூப்பிட்டால் அதைவிடக் குறைந்த விலை. அதே அம்மா, அதே போன், முன்னால் வரும் மூன்று எண்கள் மட்டும் வேறு. கணினியிலிருந்து சாதாரண போனுக்குப் பேச ஸ்கைப்பை நம்பியிருந்தவர்கள்தான் வேறு இடம் பார்க்க வேண்டியதாயிற்று. 2025 மே 5-ல் அது கடையைக் கட்டிவிட்டது.

நேரத்தையும் ஒரு கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். தோட்டத்தில் வேலை முடித்து ஐந்தரைக்கு வீடு திரும்பும் அம்மாவுக்கு ஆறு மணி தோது. சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு அப்போது எட்டரை, சாப்பிட்டு முடித்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி என்று பேசி வைத்துக்கொண்டால், அந்த நேரத்துக்கு அம்மா போனை எடுத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு வந்துவிடுவார்.

அவசரத்துக்கு அம்மாவே கூப்பிட வேண்டி வந்தால்? அவர் சிம்மில் ஐஎஸ்டி வசதி திறந்திருக்க வேண்டும். மகனின் எண்ணை +65 என்ற முன்னொட்டோடு காலண்டருக்குப் பக்கத்தில் பெரிதாக எழுதி ஒட்டி வைக்கலாம். தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரே ஒரு ரிங் வந்து நின்றால் திருப்பிக் கூப்பிடக் கூடாது, அது காசு பிடுங்கும் வேலை என்பதையும் சொல்லி வைக்க வேண்டும். பட்டன் போனில் அந்த + குறியை எங்கே தேடுவது என்று அம்மா கேட்பார். பல பட்டன் போன்களில் அது பூஜ்யத்துக்குள் இருக்கிறது. கையை எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் வரும்.