உறங்கும் சட்டமும் நேர்ந்துவிட்ட கிடாவும்

காரிமங்கலம் செவ்வாய்ச் சந்தையில் கிடா பிடிக்க வருபவர்களில் கறிக்கடைக்காரர்களும் உண்டு, முனியப்பனுக்கு நேர்ந்துகொண்டவர்களும் உண்டு. கறிக்கடைக்குப் போகும் கிடாவை 1950ஆம் ஆண்டின் விலங்கு, பறவை பலியிடல் தடைச் சட்டம் தொடவில்லை. மஞ்சள் தண்ணீர் தெளித்து, அது உடம்பைச் சிலுப்பும்வரை பங்காளிகள் எல்லாம் காத்து நிற்கும் கோயில் கிடாவைத்தான் தடுத்தது. அரை நூற்றாண்டாக அந்தச் சட்டத்தைப் பெரும்பாலும் யாரும் சீண்டவில்லை. 2003 ஆகஸ்டில் அதைக் கண்டிப்பாக அமல்படுத்தும்படி ஜெயலலிதா அரசு ஆட்சியர்களுக்கு உத்தரவிட்டபோதுதான், குலசாமி கும்பிடுவதே குற்றமாகலாம் என்று கிராமங்களுக்கு உறைத்தது. சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அரசின் எண்ணம் மாறியது, அவ்வளவுதான்.

அதற்கு முந்தைய ஆண்டு, 2002 அக்டோபரில், அதே அரசின் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்திருந்தது. வற்புறுத்தலையும் மோசடியையும் தடுப்பதில் என்ன தவறு என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. ஆனால் மிரட்டலுக்கும் ஏமாற்றுக்கும் ஏற்கெனவே தண்டனை உண்டு. இந்தச் சட்டம் கூடுதலாகச் செய்தவை வேறு: பரிசையும் பொருளுதவியையும் ‘ஆசை காட்டுதல்’ என்று விரித்துக்கொண்டது, மதமாற்றச் சடங்கை நடத்தியவர் ஆட்சியருக்குத் தகவல் தரவேண்டும் என்றது, மாறியவர் பெண்ணோ, பட்டியல் சாதியினரோ, பழங்குடியினரோ என்றால் மாற்றியவருக்குத் தண்டனையைக் கூட்டியது. பாதுகாப்பு என்றுதான் அதற்குப் பெயர். வளர்ந்த மனிதர்களைச் சொந்தப் புத்தி இல்லாதவர்களாக நினைக்கும் பார்வை அதற்குள் இருந்தது. பலித் தடைக்கும் ஜீவகாருண்யம் காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த உணர்வை மதிக்கிறேன். ஆனால் 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டமே மத வழக்கப்படி பலியிடுவதற்கு விலக்கு அளித்திருக்கிறது. கசாப்புக் கடைக்குப் பொருந்தாத கருணையைக் கோயில் வாசலில் மட்டும் சட்டமாக்கினால், அடிபடுவது ஏழைகளின் வழிபாடுதான்.

பலித் தடைச் சட்டம் 2004இல் நீக்கப்பட்டது. அந்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் தமிழகத்தின் 39 தொகுதிகளையும் அ.தி.மு.க., பா.ஜ.க. அணி இழந்தது, மே மாதமே மதமாற்றத் தடைச் சட்டமும் திரும்பப் பெறப்படும் என்று முதல்வர் அறிவித்தார். ஓட்டு இருக்கும்போது வேறென்ன காவல் வேண்டும் என்று சிலர் கேட்கலாம். ஓட்டின் வலிமையை நான் குறைத்துப் பேசவில்லை. கிடா வெட்டுபவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், அவர்களுக்கு எண்ணிக்கை உண்டு. ஒரு தெருவில் தனித்து மதம் மாறும் ஒற்றைக் குடும்பத்துக்கு அது கிடையாது. ஒடிசாவில் 1967இல் வந்த மதமாற்றத் தடைச் சட்டம் எத்தனையோ ஆட்சி மாற்றங்களைத் தாண்டி நின்றது. ஓசூரைக் கடந்தால் வரும் கர்நாடகத்தில் 2022இல் அப்படியொரு சட்டம் இயற்றப்பட்டது. ஆட்சி மாறியதும் 2023 ஜூனில் அதை நீக்க அமைச்சரவை முடிவெடுத்தது. இதற்கிடையில் அங்கே மதம் மாற நினைத்தவர், அரசமைப்பின் 25ஆம் பிரிவு தனக்குத் தந்த உரிமைக்கு அடுத்த தேர்தல்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.