பெட்டிக்குள் கலைப்பொருள், பைக்குள் ஆயுதம்

ஞாயிறு காலையில் பினாங்கின் ஜெலுத்தோங்கிலிருந்து மோட்டார் சைக்கிளை எடுத்தால் சில நிமிடங்களில் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தைக்குப் போய்விடலாம். சிட்டி ஸ்டேடியத்தின் ஓரமாகப் பழைய காசு, கைக்கடிகாரம், பித்தளைப் பூட்டு, ஓடாத ரேடியோ எல்லாம் பரப்பிக் கிடக்கும். அவற்றின் நடுவே துருவேறிய மடக்குக் கத்தி ஒன்று கிடந்தால், பழகிய கண் அதை விடாது. விலை பேசி, துடைத்து, கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புகிறோம். நம் பொழுதுபோக்கு, சட்டத்தின் எல்லைக்குள் நுழைவது அந்த நிமிடத்தில்தான். சேகரிப்பாளர்களில் பலருக்கு இது தெரியாது.

சட்டத்துக்குப் போகுமுன் கத்தியைப் பற்றிக் கொஞ்சம். எதைக் காப்பாற்றப் பார்க்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

பாரம்பரிய மடக்குக் கத்திகள் பெரும்பாலானவற்றில் பூட்டு கிடையாது. பிடியின் முதுகில் ஓடும் எஃகு வில்தான் அலகின் அடியை அழுத்திப் பிடித்திருக்கும். அலகில் உள்ள சிறு பள்ளத்தில் நகத்தைக் கொடுத்து இழுத்தால், முதலில் தயங்கும், பிறகு ‘டக்’கென்று உட்காரும். அந்த ஒலி மந்தமாக இருந்தால் வில் தளர்ந்திருக்கும், இல்லையென்றால் ஆணி தேய்ந்திருக்கும். கத்தியை மூடியும் திறந்தும் முதுகை விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு நிலையிலும் வில்லும் பிடியும் ஒரே மட்டமாக, விரலில் தட்டாமல் ஓடினால் செய்தவர் கைதேர்ந்தவர். இதைச் சரியாக வரவழைக்க, அலகின் அடியை மயிரிழை மயிரிழையாக அராவ வேண்டும்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ் கத்திகள் காலனி ஆட்சிக் காலத்தில் ஆசியாவெங்கும் போயின. நட்சத்திரமும் மால்டா சிலுவையும் அவர்களுடைய முத்திரை. பல கத்திகளில் நார்ஃபோக் வீதி, 6-ஆம் எண் என்ற முகவரியும் பொறித்திருக்கும். கிரீடத்தோடு ‘வி.ஆர்.’ என்று இருந்தால் அது விக்டோரியா அரசியின் பெயர். அவர் இறந்தது 1901-இல். வயதைக் கணிக்க இது ஒரு பிடி. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890-இல் பிறந்த ஒப்பினெல், மரப்பிடியும் ஒற்றை அலகுமாக எளிமையின் உச்சம். 1955-இல் அதற்குச் சுழல் வளையப் பூட்டு சேர்ந்தது. ஜப்பானின் மிக்கி நகரத்து ஹிகோனோகாமியில் வில்லும் இல்லை, பூட்டும் இல்லை. மடித்த தகட்டுப் பிடி, கட்டைவிரலால் அழுத்திக்கொள்ள ஒரு சிறு வால், அவ்வளவுதான்.

ஹிகோனோகாமியின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவ வைத்திருந்த கத்தி அது. 1960 அக்டோபரில் சோஷலிஸ்டுத் தலைவர் அசானுமா இனெஜிரோவை 17 வயது இளைஞன் ஒருவன் மேடையிலேயே குத்திக் கொன்றான். அவன் கையில் இருந்தது குறுவாள். ஆனாலும் பிள்ளைகள் கையில் கத்தியே கூடாது என்ற இயக்கம் நாடு முழுவதும் பரவி, மிக்கியின் மடக்குக் கத்தித் தொழில் சரிந்தது. உத்தரப் பிரதேசத்து ராம்பூரி கத்திக்கும் இதே கதிதான். இந்திப் பட வில்லன்கள் கையில் பேர் கெட்டு, நீண்ட அலகுக்கு அரசு தடை போட்டு, பட்டறைகள் அருகின. ஒரு கத்தி எவ்வளவு நேர்த்தி என்று எந்தச் சட்டமும் கேட்பதில்லை. என்ன வகை, எங்கே இருந்தது, எதற்காக என்றுதான் கேட்கும்.

மலேசியாவில் அந்தக் கேள்விகளைக் கேட்பது 1958-ஆம் ஆண்டின் அரிக்கும் பொருள், வெடிபொருள், அபாயகர ஆயுதச் சட்டம். பெயரைக் கேட்டால் அமிலம் வீசுகிறவனுக்கும் வெடி வைக்கிறவனுக்கும் உள்ளது போலத் தோன்றும். ஆனால் அதன் 6(1)-ஆம் பிரிவு பொதுச் சாலைக்கும் பொது இடத்துக்கும் உரியது. சட்டபூர்வமான அதிகாரமோ நோக்கமோ இல்லாமல் அங்கே அபாயகர ஆயுதம் வைத்திருப்பது குற்றம். தண்டனை 5 ஆண்டுக்குக் குறையாத, 10 ஆண்டுக்கு மேற்படாத சிறை, பிரம்படியும் உண்டு. 5 ஆண்டு என்பது கீழ்வரம்பு. ‘முதல் தடவைதானே, அபராதம் கட்டிவிட்டுப் போகலாம்’ என்று காப்பிக்கடையில் சொல்லும் ஆறுதல் இங்கே செல்லாது.

‘மூன்று அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் பிரச்சினை இல்லை’ என்பது அடிக்கடி காதில் விழும் இன்னொரு கதை. அது பிரிட்டனில் 1988-இல் வந்த சட்டத்தின் விதி. பூட்டில்லாத, மூன்று அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்திக்கு அங்கே விலக்கு உண்டு. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களின் வீடியோ பார்த்து அதை நம் ஊர் விதி என்று நினைத்துக்கொள்கிறார்கள். மலேசியச் சட்டம் அங்குலக் கணக்குப் பார்ப்பதில்லை. தாக்கப் பயன்படுத்தினால் காயம் உண்டாக்கக்கூடிய கருவி எதுவும் அபாயகர ஆயுதம் என்ற வரையறைக்குள் வந்துவிடும். ஆப்பிள் சீவும் கத்தியும் வரும்.

அப்படியானால் கத்தியை வெளியே எடுத்துப் போகவே கூடாதா? நோக்கம் இருந்தால் போகலாம். பாலிக் பூலாவில் டுரியான் வெட்டுகிறவர், படகில் வலை அறுக்கிறவர், கம்பி உரிக்கும் எலக்ட்ரீஷியன் எல்லோருக்கும் கத்தி தொழில்கருவி. வேலைக்குப் போகும் வழியில், மற்றக் கருவிகளோடு பையில் இருந்தால் காரணம் தானே விளங்கும். அதே கத்தி இரவு பதினொரு மணிக்கு, வேலை இல்லாத நாளில், மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியில் கிடந்தால் விளக்க வேண்டியவர் நீங்கள். சாலைத் தடுப்பில் போலீஸ்காரர் கேட்கும்போது பலர் வாயில் வரும் பதில் ‘ஒரு பாதுகாப்புக்குத்தான்.’ இதைவிட மோசமான பதில் கிடையாது. கையில் இருப்பது ஆயுதம் என்று தாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும்.

சந்தையில் வாங்கிய கத்தியைத் துணியிலோ தாளிலோ சுற்றி, நூலால் கட்டி, பையின் அடியிலோ வண்டிப் பெட்டியிலோ வையுங்கள். ரசீது தராத வியாபாரியிடம் ஒரு துண்டுத் தாளில் பொருள், விலை, தேதி எழுதி வாங்குங்கள். முடியாவிட்டால் அவர் கடைப் பரப்போடு கத்தியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நேராக வீட்டுக்குப் போங்கள். இடையில் நண்பரைப் பார்க்க உணவுக்கடையில் உட்கார்ந்து, கத்தியை மேசைமேல் வைத்துத் திறந்து மூடிக் காட்டுவது வேண்டாம். சேகரிப்பாளர்கள் சந்திப்பதாக இருந்தால் யாராவது ஒருவர் வீட்டில் சந்திக்கலாம்.

வீட்டுக்குள் வைத்திருந்தாலும் தப்ப முடியாத வகை ஒன்று உண்டு. பொத்தானையோ வில்லையோ அழுத்தினால் அலகு தானே பாய்ந்து வெளிவரும் கத்தி சட்டத்தின் அட்டவணையில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அட்டவணை ஆயுதத்துக்குத் தனியாக 7-ஆம் பிரிவு இருக்கிறது. அதில் வைத்திருப்பதே சிக்கல். சுங்கத்துறையின் இறக்குமதித் தடைப் பட்டியலிலும் குறுவாளும் விசைக்கத்தியும் இருக்கின்றன. வெளிநாட்டுத் தளத்தில் ‘சேகரிப்புப் பொருள்’ என்று எழுதி விற்பதை நம்பிப் பணம் கட்டினால், பொருள் சுங்கத்தோடு நின்றுவிடும். விசாரணைக்கு உங்களைத் தேடி வருவார்கள். உதறினால் திறக்கும் பட்டர்ஃபிளை கத்தியையும், வில் உதவியோடு பாதி தானாகத் திறக்கும் புதுவகைகளையும் நான் தொடமாட்டேன், நீங்களும் தொடாதீர்கள். ராம்பூரியை நினைவுப் பொருளாக வாங்கி வர ஆசைப்படுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை, அவற்றில் பொத்தான் வைத்தவை உண்டு. நகத்தால் இழுத்துத் திறக்கும் பழைய கத்தியில்தான் வேலைப்பாடும் அதிகம். இந்த ஒரு விஷயத்தில் சட்டமும் ரசனையும் ஒரே பக்கம் நிற்கின்றன.

பயாண் லெப்பாஸ் விமான நிலையத்தில் கைப்பையோடு கத்தி உள்ளே போகாது. பதிவுப் பெட்டியில் போடலாம், ஆனால் இறங்கும் நாட்டின் சட்டத்தையும் பார்க்க வேண்டும். ஜப்பானில் தக்க காரணமின்றி 6 செ.மீ.க்கு மேற்பட்ட அலகோடு வெளியே நடப்பது குற்றம்.

எல்லாம் கவனித்தும் ஒருநாள் பிடிபட்டால்? கைது செய்யப்பட்டவருக்குக் காரணத்தைக் கூடிய விரைவில் சொல்ல வேண்டும், விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துபேச விட வேண்டும் என்கிறது கூட்டரசு அரசியலமைப்பின் 5(3) பிரிவு. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் காவலில் வைக்க மாஜிஸ்திரேட்டின் உத்தரவு தேவை. 6(1) போன்ற குற்றத்துக்கு முதல் முறை 4 நாள், அடுத்த முறை 3 நாள், அதற்கு மேல் இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு, உறவினர் அல்லது நண்பர் ஒருவருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்லும் உரிமையைத் தருகிறது. கேட்க வெட்கப்பட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு நீங்கள் ஜெலுத்தோங் நிலையத்தில் இருக்கிறீர்களா, பத்தானி சாலைத் தலைமையகத்தில் இருக்கிறீர்களா என்று தெரிவதே பெரிய உதவி.

வாக்குமூலம் எடுக்கும்போது பெயர், முகவரி சொல்லுங்கள், மரியாதையாகப் பேசுங்கள். உங்களைக் குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்விக்குப் பதில் மறுக்க அதே நடைமுறைச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு இடம் தருகிறது. எழுதியதை நீங்கள் பேசிய மொழியிலேயே படித்துக்காட்ட வேண்டும், திருத்த வாய்ப்பும் தர வேண்டும். நம் பெரியவர்கள் பலர் தமிழில் சொல்லிவிட்டு, மலாயில் எழுதியதைப் புரியாமலே கையெழுத்திட்டு வந்திருக்கிறார்கள். படித்துக்காட்டும்வரை பேனாவைத் தொடாதீர்கள். வீட்டைச் சோதனையிட்டு எதையாவது எடுத்துச் சென்றால், எடுத்தவற்றின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். ஷெஃபீல்டு முத்திரையும் பிடியின் வகையும் அதில் எழுதப்பட்டிருந்தால், பின்னால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பொருளைத் திரும்பக் கேட்கும்போது ‘கத்தி – 1’ என்ற வரியோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்பவர்களுக்குத் தேசிய சட்ட உதவி அறநிறுவனம் 2012 முதல் இயங்குகிறது. மலேசியக் குடிமக்களுக்குக் கைது, தடுப்புக் காவல், ஜாமீன் கட்டங்களில் அதன் வழக்கறிஞர்கள் இலவசமாக வருவார்கள். பினாங்கிலேயே வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் இருக்கிறது. போலீஸ் நடந்துகொண்ட முறையில் குறை இருந்தால் 2023 ஜூலையில் செயல்படத் தொடங்கிய சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையத்திடமோ, மனித உரிமை ஆணையமான சுஹாகாமிடமோ புகார் கொடுக்கலாம். பிடிபட்டது 18 வயதுக்குட்பட்ட பிள்ளையாக இருந்தால் 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின்படி வழக்கு சிறார் நீதிமன்றத்துக்குப் போகும். பள்ளிக்கு ‘தாத்தா கத்தி’யைக் காட்ட எடுத்துப்போகும் பையன்கள் இருக்கிறார்கள். அலமாரியைப் பூட்டி வைப்பது பெற்றோர் வேலை.

இனி ஏமாறாமல் வாங்குவது. அரக்குச் சிவப்பாகத் துரு ஏற்றிய புதுக் கத்திக்குப் பழைய முத்திரை குத்தி விற்பது உண்டு. அலகு வெள்ளி போல மின்னி, முத்திரை மட்டும் மங்கியிருந்தால் யாரோ இயந்திரத்தில் தேய்த்திருக்கிறார்கள். சேகரிப்பு மதிப்பு பாதிக்கு மேல் போய்விட்டது என்று கொள்ளுங்கள். கடையிலோ இணைய வியாபாரியிடமோ வாங்கி ஏமாந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி வழக்குப் பதியலாம். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். மனு எழுதத் தெரியாவிட்டால் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தில் கேளுங்கள், 1969-இலிருந்து இதைச் செய்துவருகிறார்கள். தரையில் விரித்து விற்கும் முகம் தெரியாதவரிடம் வாங்கியதற்கு இந்த வழி பெரும்பாலும் உதவாது. அங்கே கண்தான் பாதுகாப்பு.

பிடியையும் பாருங்கள். பழைய ஷெஃபீல்டு கத்திகளில் யானைத் தந்தம், ஆமையோடு, இந்தியக் கடமான் கொம்பு எல்லாம் இருக்கும். தந்தமும் ஆமையோடும் எல்லை தாண்ட, 2008-ஆம் ஆண்டின் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகச் சட்டப்படி அனுமதி வேண்டும். நூறாண்டுப் பழசு என்று வாயால் சொன்னால் போதாது, தாள் கேட்பார்கள். தந்தம் போலத் தெரிவது செல்லுலாய்டாகவும் இருக்கலாம். அது சிதையும்போது வெளிவிடும் ஆவி பக்கத்துக் கத்திகளையும் அரித்துவிடும், எளிதில் தீயும் பிடிக்கும். தனியாக, காற்றோட்டத்தில் வையுங்கள். பினாங்கின் ஈரக்காற்றில் தோலுறைக்குள் வைத்த எஃகு சீக்கிரமே புள்ளி புள்ளியாகத் துருவேறும். உறையை ஒரு பக்கம், கத்தியை மெல்லிய மினரல் எண்ணெய் தடவி ஒரு பக்கம் என்று பிரித்து வைப்பதுதான் வழி.

இறந்துபோன பெரியவரின் பெட்டியில் பொத்தான் கத்தி ஒன்று கிடைத்தால், அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நிலையத்துக்கு நடந்து போகாதீர்கள். முதலில் வழக்கறிஞரிடமோ சட்ட உதவி மையத்திலோ சொல்லி, அவர்கள் வழியாகப் போலீசுக்குத் தெரிவித்து ஒப்படையுங்கள். உயிரோடு இருக்கும் சேகரிப்பாளர்கள் இந்தத் தொல்லையைப் பிள்ளைகளுக்கு வைக்காமல் இருக்க, ஒரு நோட்டுப் புத்தகம் போதும்: ஒவ்வொரு கத்திக்கும் ஒரு படம், முத்திரை, வாங்கிய இடம், தேதி, விலை, ரசீது. நோட்டு பெட்டியோடு இருக்கட்டும், அதன் நகல் வேறொருவர் வீட்டில்.