பெரிய டயர் போட்ட பிக்கப் வண்டியும் அச்சுப் பல்லிணை விகிதமும்

பிக்கப் வண்டியின் பின்அச்சில் கிரவுன், பினியன் என்ற இரு பல்சக்கரங்கள் உள்ளன. கிரவுனின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் கிடைப்பது அச்சுப் பல்லிணை விகிதம் எனப்படும். கிரவுனில் 41, பினியனில் 10 பற்கள் என்றால் விகிதம் 4.10. சக்கரம் ஒரு முறை சுற்ற, கியர் பெட்டியிலிருந்து வரும் தண்டு 4.10 முறை சுற்ற வேண்டும். இந்த எண் கூடினால் இழுவை கூடும். ஆனால் அதே வேகத்துக்கு எஞ்சின் அதிகம் சுழலும்.

தூத்துக்குடி மாவட்டத்தின் ஓட்டப்பிடாரம், கோவில்பட்டி, விளாத்திகுளம் பகுதிகள் மானாவாரிக் கரிசல் நிலம். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும் இம்மண், வடகிழக்குப் பருவமழையில் பசையாக ஒட்டும். உளுந்தோ மிளகாயோ ஏற்றி வரும் வண்டி, ஆழமாகப் பதிந்த தடத்தில் இறங்கினால் நடுமேட்டில் அச்சு தட்டி நின்றுவிடும். அச்சைத் தரையிலிருந்து உயர்த்தப் பெரிய டயர் போடும் எண்ணம் இதனால்தான் எழுகிறது.

215/75 ஆர் 15 டயரின் விட்டம் ஏறத்தாழ 703 மி.மீ. அதை எடுத்துவிட்டு 31 அங்குல டயர் போட்டால் விட்டம் 787 மி.மீ. ஆகும். அச்சு 42 மி.மீ. உயரும். ஆனால் விட்டம் 12 விழுக்காடு கூடியதால், டயர் தரையைத் தள்ளும் விசை எல்லாக் கியரிலும் ஏறக்குறைய 11 விழுக்காடு குறையும். பாரத்தோடு சேற்றில் வண்டியைக் கிளப்பும்போது கிளட்ச் தேய்வது இதனால்தான். பழைய விகிதத்தைப் புதிய விட்டத்தால் பெருக்கிப் பழைய விட்டத்தால் வகுத்தால் வேண்டிய விகிதம் கிடைக்கும்: 4.10 × 787 ÷ 703 = 4.59. இதற்கு அருகில் உள்ளது 41-க்கு 9 பற்கள், அதாவது 4.56. டிராக்டரின் பின்சக்கரம் அவ்வளவு பெரிதாக இருந்தும் இழுப்பதற்குக் காரணம், கியர் பெட்டி முதல் சக்கரம் வரை அதன் மொத்த விகிதம் மிக அதிகமாக இருப்பதே.

சமதளமான இவ்வட்டாரத்தில் 4.56-க்கும் மேலே போகத் தேவையில்லை. கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். நேர் டாப் கியரில், மணிக்கு 60 கி.மீ. வேகத்தில், பழைய டயரோடு எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 1,855 சுற்று ஓடும். பெரிய டயரால் அது 1,657 ஆகக் குறையும்; 4.56 விகிதம் அதை 1,843-க்குக் கொண்டுவரும். அதைவிடக் கூடிய விகிதம் போட்டால், தூத்துக்குடி நெடுஞ்சாலையில் எஞ்சின் வீணாக இரைந்து டீசலைக் குடிக்கும். ஈரக் கரிசலில் பெரும்பாலும் குறைவது இழுவை அன்று, பிடிப்பு. டயரின் வெட்டுகளில் களி அடைத்துக்கொண்டால் எந்த விகிதத்திலும் சக்கரம் வழுக்கிச் சுற்றும்.

விகிதத்தை மாற்றினாலும் சரியாகாத ஒன்று பிரேக். டயரின் ஆரம் கூடும்போது அதே மிதிக்கு நிறுத்தும் விசையும் 11 விழுக்காடு குறைகிறது. கிரவுன், பினியன் இதில் எதுவும் செய்ய முடியாது. முழுப் பாரம் ஏற்றும் வண்டிக்கு இழுவைக் குறைவைவிட இதுவே ஆபத்தானது. வேகமானியும் பொய் சொல்லலாம்: கியர் பெட்டியிலிருந்து அளவெடுக்கும் வண்டியில், விகிதம் மாறாதவரை முள் 60 காட்டும்போது வண்டி 67-ல் போகும்.

கிரவுனும் பினியனும் ஜோடியாகவே வாங்கப்பட வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் இரைச்சலும் பல் உடைவும் வரும். பற்களின் இடைவெளியை ஷிம் வைத்துச் சரிசெய்யத் தெரிந்த கைகள் தேவை. நான்கு சக்கர இழுவை வண்டியில் முன், பின் அச்சுகள் இரண்டையும் ஒரே விகிதத்துக்கு மாற்ற வேண்டும்.

235/75 ஆர் 15 டயர் என்றால் விட்டம் 4 விழுக்காடே கூடும். அச்சு 15 மி.மீ. உயரும், விகிதத்தைத் தொட வேண்டியதில்லை. பெரும்பாலான சுமை வண்டிகளுக்கு இதுவே போதும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. உச்ச நீதிமன்றமும் 2019 சனவரியில் இதை உறுதிசெய்தது. ஆகவே எந்த அளவு டயரானாலும், அது அந்த மாதிரிக்குத் தயாரிப்பாளர் அனுமதித்ததா என்பதை வாங்குமுன் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.