ராத்திரி பத்து மணிக்குச் சாப்பாடு, சரியா?

ஸ்பெயின் என்ற பேச்சை எங்கள் வீட்டில் முதலில் எடுத்தவன் எட்டாம் வகுப்புப் படிக்கும் மகன். காரணம் கால்பந்து. பத்தாம் வகுப்பு மகளுக்கு ‘மனி ஹைஸ்ட்’ தொடர் எடுத்த தெருக்கள். அவர்கள் அப்பாவுக்கு அல்ஹம்ப்ரா அரண்மனை. எனக்கு, பிராதோ அருங்காட்சியகத்தில் வெலாஸ்கெஸ் ஓவியத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம், “போலாமா?” என்று யாரும் கேட்காமல். நாலு பேர், நாலு ஸ்பெயின், பத்து இரவு.

எப்போது போவது என்பதில் மட்டும் சண்டை இல்லை. பொதுத்தேர்வு முடிந்து ப்ளஸ் ஒன் தொடங்குவதற்குள் கிடைக்கும் இடைவெளியை விட்டால், அடுத்த இரண்டு வருஷம் மகளை வீட்டைவிட்டுக் கிளப்பவே முடியாது. மே மாதம் அங்கேயும் நல்ல காலம். ஜூலையில் செவியா போனால் 40 டிகிரி. அந்த வெயிலை வேலூரில் காசு கொடுக்காமலே பார்க்கலாம்.

திட்டத்தில் நான் அதிகம் மண்டையை உடைத்துக்கொண்டது அந்த ஊர்க் கடிகாரத்தோடுதான். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல். இரவுச் சாப்பாடு ஒன்பது, பத்து. எட்டு மணிக்கு முன்னால் பல உணவகங்களில் அடுப்பே எரியாது. இதைச் சோம்பல் என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாட்ரிட் கிரீன்விச் கோட்டுக்கு மேற்கே இருக்கும் ஊர். நியாயப்படி அது லண்டன் நேரத்தில் இருக்க வேண்டும். 1940இல் ஃபிராங்கோ ஆட்சி முள்ளை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி ஜெர்மனியோடு சேர்த்தது. போர் முடிந்தும் யாரும் திருப்பி வைக்கவில்லை. கோடையில் இன்னொரு மணி நேரம் கூடுகிறது. அதனால் மே மாதத்தில் உச்சி வெயிலே இரண்டு மணி தாண்டித்தான். இரண்டு மணிக்குச் சாப்பிடுகிறவர் சூரியனைப் பார்த்துச் சாப்பிடுகிறார், அவ்வளவுதான்.

அங்கே இரவு ஒன்பது என்றால் நமக்குப் பன்னிரண்டரை. என் பிள்ளைகள் இங்கேயே அந்த நேரத்தில் போனும் கையுமாக விழித்திருப்பவர்கள். காலை ஒன்பதுக்கு எழுப்பினால் முறைப்பவர்கள். ஸ்பெயினுக்குப் பழக வேண்டியவர்கள் நாங்கள் இருவர்தான்.

ஆகவே ஒரு நாளைக்கு டிக்கெட் வாங்கிப் பார்க்கும் இடம் ஒன்றே ஒன்று, அதுவும் காலை பதினொன்றுக்கு மேல். அப்புறம் நிதானமாக மதியச் சாப்பாடு. வேலை நாட்களில் ‘மெனு தெல் தியா’ என்று ஒரே விலையில் இரண்டு வகை உணவும் ஓர் இனிப்பும் தருகிறார்கள். வளரும் பையனை வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளவும். பிறகு அறையில் தூக்கம். ஆறு மணிக்குப் பசி வந்தால் அதற்கும் அங்கே பெயர் உண்டு: மெரியெந்தா. நம்முடைய சாயங்கால டிபன். மாட்ரிட்டில் 1894 முதல் இருக்கும் சான் ஹினெஸ் கடையில் சூரோஸைக் கெட்டியான சாக்லேட்டில் முக்கிச் சாப்பிடலாம். அந்த நேரத்தில்தான் பிராதோவில் கடைசி இரண்டு மணி நேரம் எல்லாருக்கும் இலவசம். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் எந்த நேரமும் இலவசம் என்பதால் பிள்ளைகள் பத்து நிமிஷத்தில் வெளியே ஓடினாலும் நஷ்டமில்லை.

விசா வேலை சலிப்பானது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடைக்கூட்டத்தில் விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பதுதான் கடினம். பன்னிரண்டு வயது ஆகிவிட்டால் முழுக் கட்டணம், 90 யூரோ. மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது.

வழியைப் பொறுத்தவரை, போன ஊருக்கே திரும்பி வராதீர்கள். பார்சலோனாவில் இறங்கி, மாட்ரிட், செவியா, கிரனாடா என்று தெற்கே போய், மாலகாவில் விமானம் ஏறுவதாக முடிவு. பார்சலோனாவுக்கும் மாட்ரிட்டுக்கும் நடுவே 600 கிலோமீட்டருக்கு மேல். ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். இப்போது அந்தத் தடத்தில் மூன்று நிறுவனங்கள் போட்டி போடுவதால், முன்கூட்டியே எடுத்தால் விலை பாதிக்குப் பாதி குறைகிறது.

பார்சலோனாவில் சக்ராதா ஃபமிலியா. 1882இல் தொடங்கிய தேவாலயம். அதைக் கட்டிய கௌடி 1926இல் டிராம் மோதி விழுந்தபோது, கசங்கிய உடையைப் பார்த்துப் பிச்சைக்காரர் என்று நினைத்தார்களாம். நடுக்கோபுரத்துக்கு அவர் வைத்த உயரம் 172.5 மீட்டர், பக்கத்திலுள்ள மொன்ஜுயிக் குன்றைவிடச் சற்றுக் குறைவு. மனிதன் கட்டியது கடவுள் கட்டியதைத் தாண்டக் கூடாது என்பது அவர் எண்ணம். மகளுடைய ‘மனி ஹைஸ்ட்’ நாணயச்சாலை மாட்ரிட்டில் உண்மையில் ஓர் அறிவியல் ஆராய்ச்சி மன்றத்தின் தலைமை அலுவலகம். வெளியே நின்று செல்ஃபி எடுத்துக்கொள்ளட்டும்.

செவியாவை நீக்கிவிடலாம் என்றான் மகன். பேராலயத்தில் கொலம்பஸ் கல்லறை இருக்கிறது என்றேன், அசையவில்லை. மிளகாய்க் கதை சொன்னேன். கொலம்பஸ் தேடிப் போனது நம் பக்கத்து மிளகை, கொண்டுவந்தது மிளகாயை. ஸ்பானிய மொழியில் மிளகு ‘பிமியெந்தா’. புதுக்காய்க்கு ‘பிமியெந்தோ’ என்று பெயர் வைத்தார்கள். பின்னால் போர்ச்சுக்கீசியர் வழியாக அது நம் கரைக்கு வந்தபோது நாமும் மிளகு, காய் என்று சேர்த்து மிளகாய் என்றோம். “ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டாங்களாம்மா?” என்றான். செவியா தப்பியது.

சைவக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ‘கலவை சாலட்’ என்று கேட்டால் பெரும்பாலும் மேலே சூரை மீன் இருக்கும். முட்டை சாப்பிடுபவர் என்றால் உருளைக்கிழங்கு ஆம்லெட்டான தோர்தியா கைகொடுக்கும்.

முதலில் வாங்க வேண்டிய டிக்கெட் கிரனாடாவில் இருக்கும் அல்ஹம்ப்ராவுக்கு. அதற்குள்ளே இருக்கும் நஸ்ரித் அரண்மனைகளுக்குள் நுழையக் குறித்த அரைமணி நேரத்தைத் தவறவிட்டால் விட மாட்டார்கள். டிக்கெட்டில் ஆளுக்கு ஆள் பெயர், பாஸ்போர்ட் எண். பெயரில்தான் நம் இனிஷியல் தகராறு ஆரம்பிக்கும். ஸ்பானியப் படிவங்கள் சிலவற்றில் குடும்பப் பெயருக்கே இரண்டு கட்டங்கள். அங்கே ஒருவருக்கு அப்பாவழிப் பெயர் ஒன்று, அம்மாவழிப் பெயர் ஒன்று. கல்யாணம் ஆனாலும் பெண்கள் பெயரை மாற்றிக்கொள்வதில்லை.

“ரெண்டாவது கட்டத்துல உன் பேரைப் போடும்மா” என்றாள் மகள்.

பாஸ்போர்ட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் இருக்க வேண்டும் என்று சொல்லிக் காலியாக விட்டேன். பயணத்துக்கென்று வாங்கிய நோட்டின் முதல் பக்கத்தில் அவள் இரண்டு கட்டங்களையும் நிரப்பி வைத்திருக்கிறாள்.