பச்சை மார்பிள் வாங்கும் முன்…

கடையைப் புதுப்பிக்கும் வணிக நண்பர்கள் பலர் கல்லா மேசைக்கும் வாசல் தரைக்கும் பச்சை மார்பிள் பதிக்க விரும்புகிறார்கள். கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனால் பணம் கொடுக்கும் முன் சரக்கைத் தெரிந்துகொள்வது வணிகனுக்கு அழகு.

நம் நாட்டுப் பச்சை மார்பிள் முக்கியமாக ராஜஸ்தானில் உதய்ப்பூரை அடுத்த கேசரியாஜி வட்டாரத்தில் வெட்டப்படுகிறது. ‘வெர்டே குவாத்தமாலா’ என்ற பெயரிலும் இது விற்பனையாகிறது. பெயரைப் பார்த்து இறக்குமதிச் சரக்கு என்று எண்ணி அதிக விலை கொடுத்துவிடாதீர்கள்.

உண்மையில் இது மார்பிளே அல்ல. மார்பிள் சுண்ணாம்புச் சத்தால் ஆனது. இதுவோ ‘சர்ப்பென்டைன்’ என்ற கனிமம் நிறைந்த வேறு கல். சாதாரண மார்பிளைப் போல ஈரச் சிமெண்டுக் கலவையில் பதித்தால் அடிப்பக்கம் நீரை உறிஞ்சி, பலகை வளைந்து, ஓரம் தூக்கிக்கொள்ளும். பிறகு பெயர்த்தெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே தண்ணீர் கலக்காத எபாக்ஸிப் பசையில் ஒட்டுவதே முறை. இதை மேஸ்திரியிடம் முன்கூட்டியே பேசி, அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மளிகைக் கடைக்கு இன்னொரு சோதனையும் உண்டு. புளி, எலுமிச்சை, ஊறுகாய் பட்டால் கல்லில் ஓடும் வெள்ளை நரம்புகள் பளபளப்பை இழக்கும். கத்தி முனையால் கீறினால் கோடு விழும். கிரானைட்டில் அப்படி விழாது.

உழைக்கும் கல்லுக்குச் சான்று நம் கிண்டிக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. பரங்கிமலைக் கல்லுக்கு ‘சார்னோக்கைட்’ என்று பெயர். 1693-இல் காலமான ஜாப் சார்னாக்கின் கல்கத்தாக் கல்லறைக் கல் இந்த வகையைச் சேர்ந்தது. அதனாலேயே 1893-இல் தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலார் அவர் பெயரை இதற்குச் சூட்டினார். முந்நூறு ஆண்டுகளைத் தாண்டியும் அக்கல் நிற்கிறது. இவ்வகைக் கற்களைத்தான் வியாபாரத்தில் கிரானைட் என்று சேர்த்துச் சொல்கிறோம்.

எனவே தராசும் உப்பு மூட்டையும் அமரும் இடத்துக்குக் கிரானைட். அழகுக்குச் சுவரில் மட்டும் பச்சைக் கல் என்று பிரித்துக்கொண்டால் நஷ்டமில்லை. பில்லில் கல்லின் பெயரையும் கனத்தையும் தெளிவாக எழுதி வாங்குங்கள். பச்சைக் கல்லில் ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருக்க வாய்ப்புண்டு. அதனால் கடைக்குள், சரக்குகளுக்கு நடுவே அறுக்க விடாதீர்கள். வெளியில், தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள்.