வலி, சொல், அதிகாரம்

பிரசவ வலியைச் சொல்லால் தணிக்க முடியுமா என்ற கேள்வியை அரசின் காரியமாக்கியது சோவியத் ஒன்றியம். 1920களில் கார்கோவ் நகரில் பிளாட்டனோவ், வெல்வோவ்ஸ்கி முதலான மருத்துவர்கள் கர்ப்பிணிகளிடம் ஹிப்னாடிசத்தைப் பயன்படுத்தினார்கள். நம் சினிமாவில் கடிகாரத்தை ஆட்டித் தூங்கவைப்பார்களே, அந்தச் சமாச்சாரமல்ல இது. அவள் விழித்துத்தான் இருக்கிறாள். கவனம் ஒரு குரலில் குவிகிறது. அந்தக் குரலின் ஏவலை உடம்பு ஏற்கிறது. கருப்பை சுருங்குவது நிற்பதில்லை, அதை வலியாக உணர்வது குறைகிறது.

ஆனால் ஒவ்வொருத்திக்கும் தேர்ந்த மருத்துவர் ஒருவர் பலமுறை உட்கார வேண்டும். போருக்குப் பிந்தைய, மருந்துக்கே பஞ்சமான நாட்டில் நடக்கிற காரியமா? 1940களின் இறுதியில் வெல்வோவ்ஸ்கி குழு ஹிப்னாடிசத்தைக் கழற்றிவிட்டு வகுப்பறையைக் கொண்டுவந்தது. பாவ்லவ் கோட்பாட்டில் சொல்லும் ஒரு தூண்டல். சொல்லிச் சொல்லி ஏற்றிய பயத்தைச் சொல்லாலேயே இறக்கலாம் என்பது வாதம். 1951இல் இது நாடு முழுதுக்கும் அரசு ஆணையானது. அதே ஆண்டு லெனின்கிராடில் இதைப் பார்த்த பிரெஞ்சு மருத்துவர் லமாஸ், பாரிஸில் உலோகத் தொழிலாளர் சங்க மருத்துவமனைக்கு எடுத்துப்போனார். (ஏவாளின் சாபத்துக்கு இது விரோதமில்லை என்று 1956இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ் ஏற்றுக்கொண்டது தனிக்கதை.)

தன் உடம்பைப் பற்றிய அறிவு தொழிலாளிப் பெண்ணுக்குக் கிடைத்தது, சின்ன விஷயமில்லை. ஆனால் லமாஸ் பிரசவங்களுக்குத் தரம் போட்டார், மிகச் சிறப்பு முதல் தோல்விவரை. கத்தினவள் தோற்றவள், சரியாகத் தயாராகாதவள். வலி போச்சோ இல்லையோ, வலியைச் சொல்லும் வாய் அடைபட்டது. வெளியிலிருந்து ஏவிய குரல் அவளுக்குள்ளேயே உட்கார்ந்து கண்காணிக்கத் தொடங்கியது. ஃபூக்கோ படித்தவர்களுக்கு இது ஆச்சரியம் தராது.

இன்றைய ஹிப்னோபர்த்திங் வகுப்புகளில் ஹிப்னாடிசம் திரும்பிவந்திருக்கிறது, இம்முறை சுய மனோவசியமாக. அங்கே 'சுருக்கம்' என்று சொல்வதில்லை, 'அலை' என்கிறார்கள். தமிழிலோ 'வலி எடுத்துடுச்சு' என்றாலே பிரசவம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சொல்லே ஏவல் என்றால் நம் பாட்டிமார் எல்லாருமே மனோவசியக்காரிகள்தான்!

9 சோதனைகளையும் 2954 பெண்களையும் கணக்கிலெடுத்த 2016ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பாய்வு நிதானமாகப் பேசுகிறது. ஹிப்னாடிசம் பழகியவர்களிடம் மொத்தத்தில் வலிமருந்துப் பயன்பாடு குறையக்கூடும், ஆதாரம் பலமானதல்ல. முதுகில் போடும் எபிடியூரல் ஊசியில் தெளிவான வித்தியாசமில்லை. வகுப்புக்குப் போனவளும் ஊசி கேட்கிறாள். அவளிடம் போய் 'நீ சரியா மூச்சு விடலை' என்று சொல்ல இந்தக் கணக்கு யாருக்கும் உரிமை தரவில்லை.